ஓர் அட்டைப்படம் மறைத்துவிட்ட இதழ்

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் கோடரியுடன் ஒருவன். மறு கையில் வெட்டுண்ட ஒரு பெண்ணின் தலை. 'க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' என்ற அமெரிக்க காமிக்ஸின் 22ஆம் இதழ் அட்டை இது. 1954 ஏப்ரல் 21 அன்று, சிறார் குற்றங்கள் குறித்து நியூயார்க்கில் நடந்த அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணையில், செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் இதைக் காட்டி, "இது நல்ல ரசனையா?" என்று கேட்டார். திகில் காமிக்ஸின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றார் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ். அந்தப் பதில் வரலாறாகிவிட்டது. அட்டைக்குள்ளே என்ன இருந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு. இதை வெளியிட்ட கெயின்ஸின் ஈ.சி. நிறுவனத்தின் பேய்க் கதை இதழ்களுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரும் வருத்தம்.

1950 முதல் 1955 வரை, இரண்டு மாதங்களுக்கு ஒன்றாக, 27 இதழ்கள் வந்தன. அதற்கு முந்தைய குற்ற காமிக்ஸ்களில் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய கொள்ளைக் கும்பல்கள்தாம். இதிலோ கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்: காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்படும் கணவன், சலித்துப்போன மனைவி, தொழில் கூட்டாளியை ஒழிக்க நினைக்கும் வியாபாரி. நேற்றுவரை யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள்.

இந்த உலகத்துக்கு உருவம் கொடுத்தவர் ஓவியர் ஜானி கிரெய்க். பெரும்பாலான அட்டைகள் அவர் வரைந்தவை. தம் கதைகளைத் தாமே எழுதவும் செய்தார். இந்த நிறுவனத்தின் மற்ற கதைகளில் படத்துக்கு மேலே பத்தி பத்தியாக எழுத்து நிற்கும். கிரெய்க் சொற்களைக் குறைத்து, முகங்களைப் பேச வைத்தார். அவர் கோடுகளில் பதற்றமே தெரியாது. நன்றாக உடுத்திய மனிதர்கள், ஒழுங்கான அறைகள். அந்த ஒழுங்குக்கு நடுவே ஒருவனுடைய கண்கள் மட்டும் மெல்ல விரியும்போது நமக்கு உடம்பு சில்லிடுகிறது.

17ஆம் இதழில் அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் சிறுகதை ஒன்றை அவர் வரைந்திருக்கிறார். ஒருவன் கொலை செய்துவிடுகிறான். தப்பி ஓட நேரம் இருக்கிறது. ஆனால் கைரேகை பதிந்திருக்குமோ என்ற பயத்தில் துடைக்கத் தொடங்குகிறான். கதவுப் பிடி, நாற்காலி, சுவர், கிண்ணத்துக்குள் அடியில் கிடக்கும் பழம்... தொடாத பொருள்களைக்கூட விடவில்லை. போலீஸ் வந்து பிடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருக்கிறான். ரத்தத்தை நம்பாமல், ஒரு கைக்குட்டையை வைத்தே இவ்வளவு பயத்தைக் கிளப்ப முடிகிறது! மேரி செவரின் என்ற வண்ணக் கலைஞரும் இங்கே நினைவுக்கு வரவேண்டியவர். கதையின் மனநிலைக்கேற்ப நிறம் தேர்ந்தவர் அவர்.

எல்லாக் கதைகளும் இந்தத் தரத்தில் இல்லை. கடைசிக் கட்டத்துத் திருப்பத்தைச் சில கதைகளில் முன்பே ஊகித்துவிடலாம். அவற்றிலும் படங்கள் நம்மை நிறுத்திவிடுகின்றன.

விசாரணை நடந்த அதே ஆண்டில் காமிக்ஸ் பதிப்பாளர்கள் கூடித் தணிக்கை விதிகளை வகுத்தார்கள். தலைப்பில் 'க்ரைம்' என்ற சொல் மற்றச் சொற்களைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்பதுகூட ஒரு விதி. இந்த இதழில் அந்தச் சொல்தான் பெரிதாக நிற்கும்!

மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. கையில் கிடைத்தால் 22ஆம் இதழை ஒதுக்கிவிட்டு, 17லிருந்து தொடங்குங்கள். வணக்கம்.