குதிரைக்கு ஏற்றிய ரத்தம் எத்தனை நாள் நிற்கும்?

நேயர்களுக்கு வணக்கம். விபத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ ரத்தம் போய்த் துவண்டு நிற்கும் குதிரைக்கு வேறொரு குதிரையின் ரத்தத்தை ஏற்றுகிறோம். அந்தச் சிவப்பணுக்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

குதிரையின் சொந்தச் சிவப்பணு ஏறக்குறைய 5 மாதம் வாழும். கடன் வாங்கிய அணுவோ சில நாளில் தீர்ந்துவிடும் என்றுதான் வெகுகாலம் பாடம் சொன்னார்கள். கதிரியக்கக் குரோமியத்தை அணுக்களில் ஏற்றி எண்ணிப் பார்த்த கணக்கு அது. ஆனால் குரோமியம் அணுவை விட்டு மெல்லக் கசியும். அணு உயிரோடு இருக்கும்போதே அது செத்துவிட்டதாகக் கணக்கில் வரும். பிறகு பயோட்டின் என்ற வைட்டமினை அணுக்களில் அடையாளமாக ஒட்டிப் பார்த்தார்கள், படம் மாறியது. பொருத்தம் சரியாக இருந்தால், ஏற்றிய அணுக்களில் பாதி அழிவதற்கே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. பொருந்தாத ரத்தம் என்றால் 5 நாளிலேயே பாதி காலி.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. ரத்தம் இழந்த பிறகு, புது அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டு வேகம் பிடிக்கவே சில நாள் ஆகும். பொருந்தாத அணுக்கள் அதற்குள் பாதி போய்விடும். மற்ற விலங்குகளில் புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் தென்படும், மஜ்ஜை வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குதிரை அவற்றை வெளியே அனுப்புவதே அபூர்வம். அழுத்தமான பிராணி!

சரி, பொருத்தம் பார்ப்பது எப்படி? நோயாளியின் பிளாஸ்மாவையும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கொடையாளியின் கழுவிய அணுக்களையும் கலந்து, உடல் சூட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். குதிரையின் அணுக்கள் இயல்பாகவே காசு அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அதைத் திரட்சி, அதாவது பொருந்தாத அணுக்கள் ஒட்டிக் கட்டியாவது, என்று நினைத்துவிடுவார்கள். ஒரு சொட்டு உப்புநீர் விட்டால் அடுக்கு கலைந்துவிடும். உண்மையான திரட்சி கலையாது. அந்நிய அணுவைத் தாக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்களில் சில, அணுக்களைத் திரட்டாமல் உடைக்க மட்டுமே செய்யும். அதைப் பிடிக்க முயலின் சீரம் சேர்த்துத் தனியாக ஒரு சோதனை வேண்டும்.

குதிரைகளில் எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பொதுக் கொடையாளி கிடையாது. ரத்த வகைச் சேர்க்கைகள் 4 லட்சத்துக்கும் மேல் சாத்தியம். ஆகவே இதற்குமுன் ரத்தம் ஏற்றிக்கொள்ளாத, காயடித்த ஆரோக்கியமான ஆண் குதிரையைத் தேடுகிறோம். குட்டி ஈன்ற பெட்டையின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் இருக்கலாம்.

உயிர் போகிற அவசரத்தில் முதல் தடவை சோதனை இல்லாமலே ஏற்றுவதுண்டு. பெரும்பாலும் அந்த நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லையே என்று பொருத்தம் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஒரு மணி நேரம் கிடைத்தாலும் சோதனையைச் செய்துவிடுங்கள் என்பதே என் கட்சி.

அப்புறம், ஏற்றி முடித்த மறுநாளோடு பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். எங்கும் ரத்தக் கசிவு இல்லாமலே அணுக்களின் அளவு இறங்கினாலோ, ஈறு மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, ஏற்றிய அணுக்களை உடம்பு அழிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் தேவைப்பட்டால், அதே கொடையாளியாக இருந்தாலும் பொருத்தத்தைப் புதிதாகப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். வணக்கம்.