திட்ட விலக்கமும் இயல்நிலைப் பரவலும்: சேரும் இடம், சேராத இடம்

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பின் முதலாண்டிலோ புள்ளியியல் படிக்கும் மாணவர்கள். மற்றவர்கள் சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் அவர்களை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்கள். கல்லூரியில் ஆங்கிலமும் வெளியில் மராத்தியும் இந்தியுமாகப் புழங்கும் பிள்ளைகளுக்கு, வீட்டில் பேசும் மொழியிலேயே இந்தப் பாடத்தை ஒருமுறை சொல்ல வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். திட்ட விலக்கம் என்பது எந்தத் தரவுக்கும் நாம் கணக்கிட்டுவிடக்கூடிய ஓர் எண். இயல்நிலைப் பரவல் என்பது சில காரணங்கள் கூடிவரும்போது மட்டும் உருவாகும் ஒரு வடிவம்; நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிவதால் அதை மணி வடிவ வளைகோடு என்றும் சொல்வோம். பாடநூலில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால், ஒன்று இருக்குமிடத்தில் மற்றதும் இருந்தே தீரும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. தேர்வில் அதனால் பெரிய இழப்பு வராது. வேலைக்குப் போன பிறகு, அந்த எண்ணத்தோடு எடுக்கும் முடிவுகளில்தான் இழப்பு வருகிறது.

திட்ட விலக்கத்திலிருந்து தொடங்குவோம். ஒரு கடையில் கால் கிலோ காப்பித்தூள் பொட்டலங்கள் ஐந்தை எடுத்து நிறுக்கிறோம். 248, 249, 250, 251, 252 கிராம் என்று வருகிறது. இன்னொரு கடையின் ஐந்து பொட்டலங்கள் 240, 245, 250, 255, 260 கிராம் இருக்கின்றன. இரண்டு கடைக்கும் சராசரி 250 கிராம்தான். ஆனால் முதல் கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் கவலை இல்லை. இரண்டாவது கடையில் 10 கிராம் குறைந்த பொட்டலம் நம் கைக்கு வந்துவிடலாம். சராசரி மறைத்துவிடும் இந்த வேறுபாட்டை அளப்பதுதான் திட்ட விலக்கம். முதல் கடையில் சராசரியிலிருந்து விலகல்கள் −2, −1, 0, 1, 2. இவற்றை அப்படியே கூட்டினால் சுழியம் வரும். எந்தத் தரவை எடுத்தாலும் அப்படித்தான் வரும். எனவே ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம்: 4, 1, 0, 1, 4. கூட்டுத்தொகை 10, ஐந்தால் வகுத்தால் 2. இது விலக்க வர்க்கச் சராசரி. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.41 கிராம். இரண்டாவது கடைக்கு இதே வழியில் போனால் விலக்க வர்க்கச் சராசரி 50, திட்ட விலக்கம் 7.07 கிராம்.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் இரண்டு கேள்விகள் கேட்பார். கேட்காத வகுப்பைப் பற்றித்தான் ஆசிரியர் கவலைப்பட வேண்டும். முதல் கேள்வி: குறைக்குறியை நீக்குவதற்காகவா இத்தனை பாடு? குறியை விட்டுவிட்டு 2, 1, 0, 1, 2 என்று கூட்டி ஐந்தால் வகுத்து, 1.2 கிராம் என்று சொல்லிவிடக் கூடாதா? சொல்லலாம், அதுவும் செல்லுபடியாகும் ஓர் அளவைதான். ஆனால் வர்க்கத்துக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. ஒன்றையொன்று சாராத அளவுகளைக் கூட்டும்போது அவற்றின் விலக்க வர்க்கச் சராசரிகளும் நேரடியாகக் கூடும். ஒரு பொட்டலத்தின் திட்ட விலக்கம் 2 கிராம் என்றால், அதன் விலக்க வர்க்கச் சராசரி 4. நூறு பொட்டலங்கள் அடங்கிய பெட்டிக்கு அது 400, வர்க்கமூலம் 20. அதாவது 25 கிலோ பெட்டியின் ஏற்ற இறக்கம் 200 கிராம் அளவுக்குப் போகாமல் 20 கிராம் அளவிலேயே நின்றுவிடுகிறது; ஒன்றில் கூடியது இன்னொன்றில் குறைந்து ஈடாகிவிடுவதே காரணம். மாதிரிக் கணக்கெடுப்பு என்ற முழுத் துறையும் இந்தப் பண்பின்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி: சில நூல்கள் ஐந்தால் வகுக்கச் சொல்கின்றன, சில நான்கால் வகுக்கச் சொல்கின்றன, எது சரி? கையில் உள்ள ஐந்து பொட்டலங்களே நமக்கு முழு உலகம் என்றால் ஐந்தால் வகுக்கலாம். அவற்றை வைத்துக் கடையின் எல்லாப் பொட்டலங்களையும் மதிப்பிடுகிறோம் என்றால் நான்கால் வகுக்க வேண்டும். விலகல்களின் கூட்டுத்தொகை சுழியமாகியே தீரும் என்பதால், நான்கு விலகல்கள் தெரிந்தால் ஐந்தாவது தானே தெரிந்துவிடுகிறது. சுதந்திரமாக இருப்பவை நான்குதான். கடையின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாமல், இந்த ஐந்திலிருந்தே எடுத்த சராசரியைப் பயன்படுத்துவதால் விலகல்கள் சற்றுச் சிறிதாகவே தென்படும். நான்கால் வகுப்பது அந்தக் குறையை ஈடுசெய்கிறது.

இதுவரை மணி வடிவ வளைகோட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். திட்ட விலக்கத்துக்கு அது தேவைப்படவே இல்லை.

அந்த வளைகோடு எங்கிருந்து வருகிறது என்று இனிப் பார்ப்போம். பத்து நாணயங்களைச் சுண்டினால் 1024 விதமாக விழலாம். அவற்றில் ஐந்து தலை விழுவது 252 விதம். நான்கோ ஆறோ விழுவது தலா 210. மூன்றோ ஏழோ தலா 120. இரண்டோ எட்டோ தலா 45. ஒன்றோ ஒன்பதோ தலா 10. ஒரு தலையும் விழாததும் பத்தும் தலையாக விழுவதும் தலா ஒரே விதம். இந்த எண்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் விளக்கிய மேரு பிரஸ்தாரம் என்னும் எண் முக்கோணத்தின் ஒரு வரிசைதான் இவை. இவற்றைக் கட்டங்களாக வரைந்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் வடிவம் கிடைக்கிறது. இங்கே சராசரி 5, திட்ட விலக்கம் 1.58. ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்கும் 4, 5, 6 ஆகியவை 672 விதங்கள், அதாவது 65.6 விழுக்காடு. இரண்டு திட்ட விலக்கத்துக்குள் அடங்கும் 2 முதல் 8 வரை 1002 விதங்கள், 97.9 விழுக்காடு. நாணயங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த இரண்டு விழுக்காடுகளும் 68.3, 95.4 என்ற மதிப்புகளை நெருங்குகின்றன. 1733-இல் ஆபிரகாம் டி மோவர் இந்தக் கூட்டல்களைச் சுருக்க ஒரு வழி தேடியபோதுதான் அந்த வளைகோட்டின் சூத்திரம் முதன்முதலில் கண்ணுக்குப் பட்டது.

காஸ் 1809-இல் வானியல் அளவீடுகளில் நேரும் பிழைகளை விவரிக்க அதே வளைகோட்டை எடுத்தாண்டார். லாப்லாஸ் அதற்கு அடுத்த ஆண்டே, சிறு சிறு காரணங்கள் பல சேரும் கூட்டுத்தொகை ஏன் அந்த வடிவத்தை நாடுகிறது என்பதை இன்று மைய எல்லைத் தேற்றம் என்று நாம் படிக்கும் வடிவில் காட்டினார். 1918-இல் ஆர். ஏ. ஃபிஷர், ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் மரபுக் காரணிகள் பல கூடினால் மனிதரின் உயரம் போன்ற பண்பு தொடர்ச்சியாகப் பரவி மணி வடிவத்தில் அமையும் என்று நிறுவினார். இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நிபந்தனைகள் இவை: காரணங்கள் பலவாக இருக்க வேண்டும், அவை ஒன்றையொன்று பெரிதும் சாராதிருக்க வேண்டும், எந்த ஒன்றும் மற்றவற்றை அமுக்கிவிடும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது, அவற்றின் விளைவுகள் கூட்டல் முறையில் சேர வேண்டும். வருமானமும் சொத்தும் பெருக்கல் முறையில் வளர்வதால் அவை இந்த வடிவத்துக்கு வருவதில்லை; பெரும்பாலானோர் சராசரிக்குக் கீழேயும் மிகச் சிலர் எட்டாத உயரத்திலும் இருப்பார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று திட்ட விலக்கத்துக்குள் அடங்கும் விழுக்காடுகளான 68, 95, 99.7 என்ற மூன்று எண்களைப் புள்ளியியல் படித்த எவரும் மறப்பதில்லை. அவை அந்த வளைகோட்டின் உடைமை. திட்ட விலக்கத்தின் உடைமை என்று நினைத்துவிடக் கூடாது. வடிவம் எதுவென்று தெரியாத நிலையில் சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் கையில் இருந்தால், செபிஷேவின் சமனின்மை தரும் உறுதி மிக அடக்கமானது: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது நான்கில் மூன்று பங்கு இருக்கும், மூன்றுக்குள் குறைந்தது ஒன்பதில் எட்டுப் பங்கு இருக்கும். 75-க்கும் 95-க்கும் இடையிலுள்ள அந்த 20 விழுக்காட்டு உறுதியை, தரவின் வடிவத்தைப் பார்த்துச் சம்பாதிக்க வேண்டும்; சூத்திரத்தைப் பார்த்துப் பெற முடியாது.

பெற்றோர் பலரும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதால் அதற்கு வருகிறேன். ஒரு மாணவி கணிதத்தில் 70 எடுத்திருக்கிறாள். வகுப்புச் சராசரி 60, திட்ட விலக்கம் 5. வேதியியலில் 80 எடுத்திருக்கிறாள். சராசரி 70, திட்ட விலக்கம் 20. இரண்டிலும் சராசரியைவிடப் பத்து கூடுதல்தான். ஆனால் கணிதத்தில் அவள் இரண்டு திட்ட விலக்கம் மேலே இருக்கிறாள், வேதியியலில் அரை விலக்கம்தான். கணிதத் தாளில் அவள் பெற்ற இடம் மிகச் சிறப்பானது என்று சொல்ல இதுவே போதும். இதற்கு மேல் ஒரு படி சென்று, இயல்நிலைப் பரவலின் அட்டவணையைப் பார்த்து, வேதியியலில் 69 விழுக்காட்டினர் அவளுக்குக் கீழே என்று எழுதும்போதுதான் தவறு நேர்கிறது. சராசரி 70, திட்ட விலக்கம் 20 கொண்ட மதிப்பெண்கள் இயல்நிலையில் பரவியிருந்தால், நூற்றில் ஆறேழு பேர் நூற்றுக்கு மேல் மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். அது நடக்காத காரியம் என்பதால் அந்தத் தாளின் மதிப்பெண்கள் மணி வடிவத்தில் இல்லை என்பது கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை பேர் கீழே இருக்கிறார்கள் என்று எண்ணிவிடுவதே நேர்மையான வழி. ஜே.இ.இ. மெயின் தேர்வில் தேசியத் தேர்வு முகமை தரும் சதமான மதிப்பெண்ணும் அப்படி எண்ணிப் பெறுவதுதான்: ஓர் அமர்வில் தேர்வெழுதியவர்களில் அந்த மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களின் பங்கு. அதற்கு மணி வடிவம் தேவையில்லை.

அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் பணி மதிப்பீட்டை, அதாவது அப்ரைசலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'பெல் கர்வ்', அதாவது மணி வடிவ வளைகோடு என்ற பெயரில், எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவர் கட்டாயம் கடைசித் தரத்தில் இருக்க வேண்டும் என்று விதிப்பதற்குப் புள்ளியியலில் எந்த ஆதாரமும் இல்லை. எட்டுப் பேர் என்பது வடிவம் தெரியும் அளவுக்குப் போதிய எண்ணிக்கையே இல்லை. அவர்கள் நேர்காணலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எழுந்தமானமாக எடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஒருவர் வேலை மற்றவர் வேலையைச் சார்ந்தது. மேலே சொன்ன நிபந்தனைகள் பலவும் அங்கே உடைந்துவிடுகின்றன. ஊதியச் செலவைக் கட்டுப்படுத்த நிர்வாகம் ஒரு விதி வகுக்க விரும்பினால் அதை அப்படியே சொல்லட்டும். கணிதத்தின் பெயரால் ஒருவரைத் தகுதியற்றவர் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த நகரம் மறக்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. ஏறத்தாழ 25 கி.மீ. தெற்கே கொலாபாவில் அதே நாளில் பதிவானது 74 மி.மீ. மட்டுமே. விளக்கத்துக்காக, மழைக்காலத்தில் நாள் மழையின் சராசரி 20 மி.மீ., திட்ட விலக்கம் 35 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதை இயல்நிலைப் பரவல் என்று கொண்டால் நூற்றுக்கு 28 நாட்களில் மழை சுழியத்துக்கும் கீழே போக வேண்டும். அந்த அபத்தமே நம்மை எச்சரித்திருக்க வேண்டும். மறுமுனையில், 944 மி.மீ. சராசரியிலிருந்து 26 திட்ட விலக்கங்களுக்கு அப்பால் நிற்கிறது. இயல்நிலைப் பரவலில் ஆறு விலக்கங்களுக்கு மேலே போவதற்கே நிகழ்தகவு சுமார் நூறு கோடியில் ஒன்று. இருபத்தாறு என்றால், பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் நாள்தோறும் அளந்திருந்தாலும் ஒருமுறைகூடக் கண்டிருக்க முடியாது. ஆயினும் அந்த மழை பெய்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மகாராஷ்டிரத்தில் போயின. நாள் மழை சிறு காரணங்களின் கூட்டல் அல்ல. ஈரக்காற்று மேலெழுந்து குளிரும்போது வெளிப்படும் வெப்பம் அதை இன்னும் மேலே தள்ளி, மேலும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஒரு மணி நேர மழை அடுத்த மணி நேர மழையைத் தூண்டுகிறது. ஒன்றையொன்று சாராமை என்ற நிபந்தனை முதல் அடியிலேயே போய்விடுகிறது.

இதே மழையை நான்கு மாதங்களுக்குக் கூட்டி, பருவ மொத்தமாகப் பல ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்தினால் மணி வடிவத்துக்கு வெகு அருகில் வந்துவிடும். பல நாட்களின் கூட்டுத்தொகை என்பதால் அங்கே மைய எல்லைத் தேற்றம் ஓரளவு தன் வேலையைச் செய்கிறது. எனவே பருவ மழையிலிருந்து ஏரிகளுக்கு நீர்வரத்தை மதிப்பிடுபவர் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்துக்கொண்டு நியாயமாகப் பேசலாம். வடிகால் கட்டுபவர் அப்படிப் பேச முடியாது. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைக்கப்பட்டவை, அதை 50 மி.மீ. ஆக உயர்த்தும் திட்டம் 1990-களிலேயே வகுக்கப்பட்டது. எந்த எண்ணை எடுப்பது என்று முடிவு செய்ய நீரியல் வல்லுநர்கள் ஒவ்வோர் ஆண்டின் மிகப்பெரிய மழையை மட்டும் தனியே எடுத்து, கும்பெல் பரவல் போன்ற உச்ச மதிப்புப் பரவல்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். அரிய பெருமழைகளைக் குறிக்கும் அவற்றின் வால் பகுதி இயல்நிலை வளைகோட்டைவிட மிக மெதுவாகவே தாழ்கிறது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். சாந்தாகுரூஸ் நிலையத்தின் நாள் மழைத் தரவை எடுத்து, நாள் வாரியாக ஒரு செவ்வகப் படமும் (எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று செவ்வகங்களின் உயரத்தால் காட்டும் படம்), பருவ மொத்தமாக ஒரு செவ்வகப் படமும் வரையுங்கள். இரண்டிலும் சராசரியையும் அதன் இருபுறமும் ஒரு திட்ட விலக்கம், இரண்டு திட்ட விலக்கம் என்று கோடுகளையும் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் உண்மையில் எத்தனை விழுக்காடு அடங்குகிறது என்று கையால் எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு 68, 95 என்ற எண்களோடு ஒப்பிட்டு, எந்தப் படத்துக்கு அவை பொருந்தின, எதற்குப் பொருந்தவில்லை, ஏன் என்று அரைப் பக்கம் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த வகுப்பை உங்கள் படங்களிலிருந்தே தொடங்கலாம்.