சண்டை போடாமல் பிழைக்கிற உயிர்கள்

பெரியவர்களுக்கும், அம்மாக்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காட்டு உயிர்கள் தங்களை எப்படிக் காத்துக்கொள்கின்றன என்று பேசச் சொன்னார்கள். காடு என்று சொல்ல நமக்குக் கோடியக்கரையும் முத்துப்பேட்டை அலையாத்தியும் இருக்கின்றன. மற்றபடி டெல்டாக்காரர்களுக்கு வயலும் வரப்பும் வாய்க்காலும்தான். அங்கேயும் ராத்திரி பகலாக உயிர்ப் போராட்டம் நடக்கிறது. அதனால் வயலில் இருந்தே தொடங்குகிறேன்.

சம்பா அறுப்பு நேரத்தில் நாம் அதிகம் பயப்படுவது கண்ணாடி விரியனுக்கு. அது நம் வயலுக்கு வருவது எலிக்காக. எலி நெல்லுக்காக வருகிறது. விரியனுக்கு முதல் பாதுகாப்பு அதன் உடம்பில் இருக்கும் நிறம்தான். காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆள் வந்தாலும் பல நேரம் ஓடாது. அந்த நிறத்தை நம்பியே கிடக்கும். இன்னும் நெருங்கினால் சுருண்டுகொண்டு, லாரி டயரில் காற்று இறங்குவதுபோலப் பெரிதாகச் சீறும். ‘நான் இங்கே இருக்கிறேன், விலகிப் போ’ என்று அதற்குச் சொல்லத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அறுப்பு மெஷின் சத்தத்தில் நமக்கு அது கேட்பதில்லை. தெரியாமல் காலை வைத்துவிடுகிறோம்.

நல்ல பாம்பு படம் எடுப்பதும் இதே பேச்சுதான். கழுத்து விலா எலும்புகளை விரித்து, தன்னைப் பெரிதாகக் காட்டுகிறது. விஷம் அதற்கு இரையைப் பிடிக்க வேண்டிய பொருள். விழுங்க முடியாத நம்மேல் அதைச் செலவு செய்வதில் அதற்கு லாபமே இல்லை. வயலில் திரியும் விஷமில்லாத தண்ணீர்ப்பாம்புகூட பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கி நல்ல பாம்பு மாதிரி நிற்கும். கழுகிடம் அந்த வேஷம் பலிக்கலாம். நம்மிடம் அந்த வேஷத்தாலேயே அடிபட்டுச் சாகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற சாவு அது.

கட்டு விரியன் வேறு கதை. அது ராத்திரியில் நடமாடும், சீறுவதும் குறைவு. கடித்த இடம் வலிக்காமலே போகலாம். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். வரப்பில் போகும்போது டார்ச் வேண்டும். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து அங்கே இருக்கிறது.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். கெளுத்தி மீனைக் கையில் பிடித்து முள் வாங்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். விறைத்துக்கொண்டால் பூட்டு போட்டதுபோல நின்றுவிடும், அழுத்தினால் மடங்காது. விழுங்க வந்த பறவைக்குத் தொண்டையில் சிக்கும். நத்தையோ தண்ணீர் வற்றியதும் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் போய்விடும். மேட்டூர்த் தண்ணீர் வந்து மண் நனையும்வரை கோடை முழுதும் அங்கேயே கிடக்கும்.

கோடியக்கரை வெளிமானைப் பாருங்கள். 1967இல் அந்த இடம் சரணாலயம் ஆனதே பெரிதும் அதற்காகத்தான். அதற்குக் கண்ணும் காலும்தான் ஆயுதம். திறந்த புல்வெளியில் தூரத்தில் வரும் நரியையும் நாயையும் முன்கூட்டியே பார்த்துவிடும். ஓடத் தொடங்கினால் பிடிக்க முடியாது. ஆனால் அந்தப் புல்வெளியில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டிருக்கிறது. முள் மூடிய இடத்தில் தூரம் தெரியாது, ஓட வழியும் இருக்காது. மானை யாரும் தொடவேண்டாம், வெளியை மூடினாலே போதும், அதன் ஆயுதம் பறிபோய்விடும். இதை அடித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கடைசியாக ஆக்காட்டி. கோடையில் வயல் தரிசாகக் கிடக்கும்போது வெறும் தரையில் பெரும்பாலும் நான்கு முட்டை இடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. மண்கட்டியின் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை. வெயில் கொளுத்தினால் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். நாயோ மனிதரோ வந்தால் தூரத்திலேயே எழுந்து கத்தி, வேறு பக்கம் இழுத்துப் போகும். சில நேரம் இறக்கை ஒடிந்ததுபோலத் தரையில் புரளும். மாடு மேய்ந்து வந்தால் அந்த நடிப்பு உதவாது. மாடு அதைப் பிடிக்க வரவில்லையே. அப்போது முட்டையை விட்டு நகராமல் இறக்கையை விரித்து அடித்து மாட்டின் முகத்தைத் திருப்பப் பார்க்கும். ஆளைப் பார்த்து வித்தையை மாற்றுகிறது, பாருங்கள்!

எங்கள் பக்கம் டிராக்டர் ஓட்டும் ஒரு தம்பி, போன கோடை உழவில் இந்தக் கத்தலைக் கேட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். இறங்கித் தேடி, முட்டையைக் கண்டு, அந்த இடத்தில் மட்டும் கலப்பையைத் தூக்கிவிட்டு மிச்சத்தை உழுதிருக்கிறார். சில நாள் கழித்துப் போனபோது குஞ்சுகள் நடந்துகொண்டிருந்தன. தாய் ஒரு குரல் கொடுத்தது. நான்கும் அப்படியே மண்ணோடு படுத்துக்கொண்டன. “அண்ணே, கண்ணு முன்னாடி இருந்துச்சு, அப்புறம் காணோம். எங்கே மிதிச்சிடுவோமோன்னு ரொம்ப நேரம் காலை எடுக்கவே இல்லை” என்றார்.