எட்டாவது நிமிடத்தில் அறுந்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். பாரதக் கூத்து, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக மற்றவர்கள் பேசவும் பாடவும் மைக் கட்டிக் கொடுத்து வருகிறேன். இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ஜெர்மன் இசைத்தட்டு. பெயர், ‘கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்’, முதல் பாகம். ஏழு சாவிகளின் காவலன் என்று சொல்லலாம். ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் குழு 1987இல் வெளியிட்டது. மெட்டல் என்பது கிடாரும் டிரம்ஸும் சத்தமாக முழங்குகிற ராக் இசை. அதில் வேகமான மெட்டும் உச்சக் குரலுமாகப் போகிற பவர் மெட்டல் என்கிற வகைக்கு அடித்தளம் போட்ட தட்டுகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

அந்த வருஷம் வேலூர் இன்னும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். திருவண்ணாமலை பிரிந்தது 1989இல்தான். தட்டு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. மேகாலயாவிலிருந்து வந்து இங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒருவர், டேப் ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்ற எங்கள் கடைக்கு வந்தார். மாற்றி முடித்து ஓட்டிப் பார்க்க நைனா ஒரு கேசட் கேட்டார். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இதுதான். நைனா அரை நிமிஷத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டார். நான் அந்தக் கேசட்டை இரண்டு நாள் இரவல் வாங்கி, கடையில் கிடந்த 60 நிமிஷக் கேசட்டில் பதிந்துகொண்டேன்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. தட்டு மொத்தம் 37 நிமிஷத்துச் சொச்சம். என் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். நான் பாட்டுக்குப் பாட்டு கணக்குப் பார்க்காமல் நேராக ஓடவிட்டுவிட்டேன். தட்டின் கடைசிப் பகுதியில் ‘ஹாலோவீன்’ என்று 13 நிமிஷப் பாட்டு ஒன்று வரும். அது என் கேசட்டில் எட்டாவது நிமிஷ வாக்கில் டக்கென்று அறுந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். பல வருஷம் அந்தப் பாட்டை நான் இரண்டு துண்டாகவே கேட்டேன். பிற்பாடுதான் தெரிந்தது, அந்தப் பாட்டுக்கு எடுத்த வீடியோவிலும் அதை வெட்டிப் பாதிக்கும் கீழே சுருக்கியிருந்தார்கள் என்பது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் குடோனில் இரண்டு பாக்ஸ் வைத்து, ஆளுக்கொரு ரசனை உள்ள நாலைந்து பேரை உட்கார வைத்து இந்தத் தட்டை முழுசாகப் போட்டுக் காட்டினேன். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் பேசியது இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பெண். உறுமல் குரலில் பாடுகிற டெத் மெட்டல் கேட்கிறவள். “அங்கிள், இதுல கோபமே இல்ல. தட்டு முழுக்க சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. மெட்டல்னா எதையாவது எதிர்க்கணும் இல்லையா?” என்றாள். இந்தக் குறை புதிதல்ல. உலகம் முழுக்க மெட்டல் கேட்கிறவர்களில் ஒரு பாதிப்பேர் பவர் மெட்டல் மேல் வைக்கிற குறை இதுதான்: சர்க்கரை ஜாஸ்தி, பிள்ளை விளையாட்டு. அவளுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்குப் பதில் வந்தது, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. கூத்து ஜமா ஒன்றில் பின்பாட்டு பாடுகிற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். திரௌபதி அம்மன் கோயில் பாரதங்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, காலையில் துரியோதனன் படுகளம் முடிகிற வரைக்கும் நின்று பாடிய தொண்டை அவருடையது. நான் அவருக்கு எத்தனையோ இரவு மைக் கட்டியிருக்கிறேன். பாடகர் மைக்கேல் கிஸ்கே குரலை மேலே ஏற்றிப் பிடிக்கிற ஒரு இடம் வந்தபோது, பாட்டை நிறுத்தச் சொன்னார். மூலையில் இருந்த ஆர்மோனியத்தை இழுத்துத் துருத்தியைத் திறந்தார். விரலை ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி ஒரு கட்டையில் நிறுத்தினார். “இங்க நிக்கிறான் பையன். நம்ம ஆளுங்க நிக்கிற இடம்தான்” என்றார். பையனுக்கு அப்போது என்ன வயசு என்று கேட்டார். பதிவு நடந்தபோது 18 என்றேன். கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: “இவன் சிரிக்கலம்மா. கடைசி வரிசைல கோணி விரிச்சுக் குந்தினு இருக்கான் பாரு, அவன் காதுக்குப் போவணும்னு பாடுறான். அந்த உயரத்துக்குப் போனா குரல் வெளிச்சமாத்தான் கேக்கும். அதுக்காக உள்ள வலி இல்லன்னு ஆயிடுமா?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் தொழிலில் தினம் பார்க்கிற விஷயம் இது. குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. தொண்டை கட்டிய குரல் பத்தடியில் செத்துவிடும். மேல் சுருதியில் திறந்து பாடுகிற குரல் ஏரிக்கரையைத் தாண்டிப் போகும். மைக் வருவதற்கு முந்தியே கூத்துக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது. சின்ன வயசில் இந்தத் தட்டை நைனாவுக்குத் தெரியாமல் மொட்டை மாடிக் குழாயில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கிடார் தேனீக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது, டிரம்ஸ் காணாமலே போனது, கிஸ்கேயின் குரல் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1985இல் வந்த முந்தைய தட்டில் பாடியவர் கிடார் வாசிக்கிற காய் ஹான்சென். கிடாரும் வாசித்துக்கொண்டு பாடவும் செய்வது அவருக்குப் பாரமாக இருந்தது. அதனால் மைக்கைச் சின்னப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பாட்டு எழுதுவதில் இறங்கினார். இந்த முதல் பாகத்தில் பெரும்பாலான பாட்டு அவர் எழுதியதுதான். தன் இடத்தை விட்டுக் கொடுத்தவரே அந்தப் புதுக் குரலுக்கு ஏற்ற பாட்டுகளையும் எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு அக்காவுக்கு, மெதுவாகப் போகிற காதல் சோகப் பாட்டு பிடிக்கவில்லை. “இந்தப் பாட்டுல அவருக்கு வருத்தம் இல்ல, தன் குரல் மேல ஆசைதான் இருக்கு” என்றார். நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தட்டில் நான் தாண்டிப் போகிற ஒரே பாட்டு அது.

என் மகன் இரண்டாம் பாகத்துக் கட்சி. ஹெலோவீன் ரசிகர்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. குழு ஆசைப்பட்டது இரட்டைத் தட்டுக்கு. பதிவு நிறுவனம் ஒத்துக்கொள்ளாததால் பாதி 1987இலும் மீதி 1988இலுமாக வந்தது. இரண்டாம் பாகத்தில் மெட்டு இன்னும் பளபளப்பு, ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டும் அதில்தான் அதிகம். எனக்கு முதல் பாகம்தான். 37 நிமிஷத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற தட்டு அது.

ஒரு நர்ஸ் சொன்னதையும் நான் சொல்லியாக வேண்டும். நைட் டியூட்டி முடித்து விடியற்காலைப் பஸ்ஸில் சத்துவாச்சாரிக்குத் திரும்புகிறவர். வார்டில் யாராவது இறந்துபோன இரவுகளில், பஸ் ஏறியதும் இந்தத் தட்டின் முதல் பாட்டைப் போட்டுக்கொள்வாராம். முன்னிசை முடிந்ததும் பாய்கிற மூணரை நிமிஷப் பாட்டு. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதுதான் அதன் தலைப்பே. “ஆறுதலுக்கு இல்லண்ணா. என் கை கால் என்னுதுதான்னு ஞாபகம் வர்றதுக்கு” என்றார். அந்த இன்ஜினியரிங் பெண் இதைக் கேட்டுவிட்டு அப்புறம் எதுவும் பேசவில்லை.

அந்தப் பாட்டின் வேகத்தைத் தாங்கிப் பிடிப்பது இங்கோ ஷ்விக்டென்பெர்க்கின் டிரம்ஸ். இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பாஸ். மனநோயோடு போராடி, 1995இல் 29 வயசில் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தத் தட்டில் வலியே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைப்புதான் வரும். கிஸ்கேயும் ஹான்செனும் குழுவை விட்டுப் போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, 2021இல் பழையவர்களும் புதியவர்களுமாக ஏழு பேர் சேர்ந்து தட்டு போட்டார்கள். திரும்ப முடியாதவர் இங்கோ ஒருவர்தான்.

கடைசியாக அந்த 13 நிமிஷப் பாட்டு. மேல்நாட்டில் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிற ராத்திரியைப் பற்றியது. இதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர், “நம்ம மயானக் கொள்ளை மாதிரியா?” என்று கேட்டுவிட்டார். மாசி மாசம் சிவராத்திரி கழித்து, அங்காளம்மன் வேஷமும் காளி வேஷமும் கட்டிக்கொண்டு பாலாற்று மணலில் கூட்டம் இறங்குமே, அதைச் சொன்னார். பயமும் திருவிழாவும் ஒரே முகத்தில் இருக்கும் நாள் அது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டு அந்நியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேகம் மாறி, குரல் மாறி, நடுவில் இருட்டாகி, திரும்ப வெளிச்சம் வருகிறது. அந்த இருட்டுப் பகுதியில் பெரியவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எட்டாவது நிமிஷம் வந்தபோது பழைய பழக்கத்தில் என் கை தானாக டேபிள் பக்கம் போனது. திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பாட்டு அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. பெரியவரும் தாளத்தை நிறுத்தவில்லை.

நிலையத்தார் அந்தப் பாட்டை வெட்டாமல் முழுசாகப் போட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. இப்போது கேட்கலாம், 13 நிமிஷம். நேயர்களுக்கு வணக்கம்.