பழைய கணினி சொல்வதைக் கேட்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கணினி ஒன்றின் பொத்தானை அழுத்தியதும் முதலில் வருவது ஒரு சத்தம். 'பீப்' என்று ஒரே ஒரு முறை, சின்னதாக. பெரும்பாலான கணினிகளில் அதற்கு 'எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன், குறை ஒன்றும் இல்லை' என்று பொருள். அதுவே நீளமாக, விட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் ராம் எனும் தற்காலிக நினைவகம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். மதர்போர்டுக்கு மதர்போர்டு இந்தச் சத்தத்தின் கணக்கு மாறும். ஆனால் ஏதோ ஒன்றை அது சொல்லிக்கொண்டுதான் இருக்கும். மிகப் பழைய கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நிறுவுவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு, கணினி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான். நிறுவுவது என்பது மிச்சமுள்ள கால் பங்கு.

என் பெரியப்பாவின் மடிக்கணினியையே எடுத்துக்கொள்கிறேன். 2004-ல் செய்யப்பட்டது. பென்டியம் எம் செயலி, 512 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். பல வருடம் அலமாரியில் கிடந்தது. ஒருநாள் அதை என்னிடம் கொடுத்து, "இதுல எழுத மட்டும் முடிஞ்சா போதும்டா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணினியின் விசைகள் ஆழமாக இறங்கும். விரல் வைத்த இடம் விரலுக்கே தெரியும். வயதானவருக்கு அது பெரிய விஷயம்.

"எழுத மட்டும்" என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய உதவி. பழைய கணினியைக் கையில் எடுக்கிற யாரும் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இது எந்த வேலைக்கு? எழுதவா, பாட்டுக் கேட்கவா, பிள்ளைகள் கணினி பழகவா, பழைய விளையாட்டுகளை ஓட்டவா? எல்லாமும் வேண்டும் என்றால் எதுவும் நன்றாக நடக்காது. ஒரு வேலை என்று முடிவு செய்துவிட்டால், இருபது வயதுக் கணினி கூட அந்த வேலையைத் தடுமாறாமல் செய்யும்.

இங்கே 'பழையது' வேறு, 'மிகப் பழையது' வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதனால் பல வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் திடீரென்று 'பழையவை' ஆகிவிட்டன. 64 பிட் செயலியும் 4 ஜிபி ராமும் இருந்தால் கவலை வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, ஒரு மாலைப்பொழுதில் நிறுவிவிடலாம். நான் பேச வந்தது அவற்றின் தாத்தாக்களைப் பற்றி. 32 பிட் என்ற பழைய வகைச் செயலி, 1 ஜிபிக்கும் குறைவான ராம், விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகள். எக்ஸ்பி வெளிவந்தது 2001-ல். 2014 ஏப்ரல் 8 அன்று அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பழைய விளையாட்டுக்காகவோ, எக்ஸ்பியில் மட்டுமே வேலை செய்யும் ஒரு ஸ்கேனருக்காகவோ அதையே வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள். ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கின்றன, அடைப்பதற்கு ஆள் இல்லை.

லினக்ஸ் பக்கம் போனாலும் 32 பிட்டுக்கான இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 செயலி கொண்ட ஒரு கணினியில். அந்த 386-க்கான ஆதரவே 2013-ல் வந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. பிறந்த வீட்டையே விட்டுவிட்டு வந்த கதை இது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் நீண்ட காலம் பழைய செயலிகளைக் கைவிடாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல், 32 பிட் பிசிக்களில் புதிதாக நிறுவும் வசதி இல்லை. டெபியன் 12-ல் இருந்தது. எனவே 'புதியதுதான் நல்லது' என்ற பழக்கத்தை இங்கே கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

சரி, பெரியப்பாவின் கணினிக்கு வருவோம். நான் முதலில் செய்தது நிறுவல் வேலையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் கணினியில் லினக்ஸ் நிறுவினேன். எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று திரை கேட்டது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு பெயர்கள். ஏ-தான் பென் டிரைவ் என்று நினைத்து பி-யைத் தேர்ந்தெடுத்தேன். அந்த பி-யில் அவர் குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள் இருந்தன. திரும்பக் கிடைத்தவை கொஞ்சம்தான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து பெயரைப் பார்த்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதில்லை, அளவைப் பார்க்கிறேன். 40 ஜிபி என்றால் கணினியின் டிஸ்க், 8 ஜிபி என்றால் என் பென் டிரைவ். தேவையில்லாத டிஸ்க்குகளைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்துவிடுகிறேன். அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.

நகல் எடுக்கும்போதே அந்த டிஸ்க் பேச ஆரம்பித்தது. ஒரே சீரான முணுமுணுப்புக்கு நடுவே 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். படிக்க முடியாத இடத்தில் ஊசிமுனை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும் சத்தம் அது. கேட்டுவிட்டால் யோசிக்க வேண்டாம்: அந்த டிஸ்க்கில் புதிய இயங்குதளம் எதையும் ஏற்றக் கூடாது. உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம் உடம்பைப் பார்த்தேன். காற்றாடியில் தூசி கம்பளி போல ஒட்டிக் கிடந்தது. மென்மையான தூரிகையால் எடுத்தேன். செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத்துக்கும் நடுவே தடவியிருந்த பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நாணயம் போல வட்டமாக, சிஆர் 2032 என்று எழுதியிருக்கும்; 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளங்கள் காட்டும் சான்றிதழ்களின் தேதியும் கணினியின் தேதியும் ஒத்துப்போகாது. எல்லாம் சரியாக நிறுவியும் ஒரு பக்கம் கூடத் திறக்காமல், வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

இன்னொரு 512 எம்பி ராம் கிடைத்ததால் மொத்தம் 1 ஜிபி ஆனது. பழைய ராமை நம்பிவிடக் கூடாது. மெம்டெஸ்ட் என்ற சின்ன நிரலை ஓடவிட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் அந்த ராம் வேண்டாம். நிறுவும்போது காரணமே தெரியாமல் நின்றுபோவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இனி உள்ளே எப்படி நுழைவது? இந்த வயதுக் கணினிகளில் பல, பென் டிரைவிலிருந்து பூட் ஆகாது, அதாவது அதிலிருந்து தொடங்காது. சிடியிலிருந்து ஆகும். ஆனால் சிடி டிரைவின் கண் மங்கியிருக்கும், பாதியில் படிக்க மறுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பிளாப் என்று ஒரு சின்ன பூட் மேலாளர் உதவும். அதைச் சிடியிலிருந்து ஏற்றினால், பயாஸ் எனும் கணினியின் தொடக்க நிரல் செய்யாததை அது செய்து பென் டிரைவைத் திறந்துகொடுக்கும்.

முதல் முயற்சி சில நொடிகளில் நின்றது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு தகவல்: இந்த கெர்னலுக்கு வேண்டிய பிஏஇ என்ற வசதி உங்கள் செயலியில் இல்லை. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு. பலர் இந்த இடத்தில்தான் கணினியை மூடிவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பிஏஇ என்பது 32 பிட் செயலி 4 ஜிபிக்கு மேற்பட்ட ராமை எட்டுவதற்கான ஒரு வழி. முதல் தலைமுறை பென்டியம் எம் செயலிகள் பலவற்றில் அந்த வசதி உண்மையிலேயே இருக்கிறது; 'இருக்கிறது' என்று அது வாய்திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். அதற்காகவே லினக்ஸில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கெர்னலைத் தொடங்கும் கட்டளையான பூட் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்: எஃப், ஓ, ஆர், சி, இ, பி, ஏ, இ. எட்டு எழுத்தும் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. தட்டினேன். கெர்னல் ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மேலே போனது. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. முடியாது என்று சொன்ன ஒன்று, சரியான வார்த்தையைக் கேட்டதும் எழுந்து நடந்தது போல இருந்தது.

திரை கறுத்துப்போய் ஒன்றுமே தெரியாவிட்டால் முயல வேண்டிய இன்னொரு சொல்லும் உண்டு: என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி. திரை அட்டையோடு கெர்னல் மல்லுக்கட்டாமல் எளிய முறையிலேயே படம் காட்டச் சொல்வது அது.

வழி தெரிந்துவிட்டாலும், நான் கடைசியில் நிறுவியது ஆன்டிஎக்ஸ். டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதன் 32 பிட் பதிப்பின் கெர்னல் பிஏஇ கேட்பதில்லை. 256 எம்பி ராமிலும் ஓடும். இன்னொரு வழி, பப்பி லினக்ஸ். ராம் போதுமான அளவு இருந்தால் முழுவதும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதால் மெதுவான டிஸ்க் அதைப் பாதிக்காது. அதையும் விடச் சிறியது டைனி கோர். வரைகலைத் திரையோடு சேர்த்தே சுமார் 23 எம்பிதான். ஆனால் அதில் எல்லாவற்றையும் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும், புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். லினக்ஸே முடியாத அளவுக்குப் பழையது என்றால், பழைய டாஸ் வகையைச் சேர்ந்த ஃப்ரீடாஸ்.

ஓய்வு கொடுத்த டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு நினைவிருக்கிறதா? அந்தக் கார்டும் ஐடிஇ என்ற இணைப்பு கொண்ட பழைய டிஸ்க்கும் ஒரே மொழி பேசுபவை. நடுவில் ஊசிகளை இணைத்துக்கொடுக்கும் ஒரு சின்ன அடாப்டர் இருந்தால் போதும், கணினி அதை ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டேன். இப்படிப்பட்ட கார்டில் ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் ராம் போதாதபோது பயன்படும் மாற்று இடமான ஸ்வாப்பைக் கார்டில் வைக்காமல், ராமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ராமைப் பயன்படுத்தினேன். எழுதுவதற்கு அபிவேர்ட். லிப்ரே ஆபீஸும் ஓடும், ஆனால் திறப்பதற்குள் எழுத நினைத்தது மறந்துவிடும்.

இணையத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைய உலாவிகள் செயலியில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுப்பைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பென்டியம் 3-ல் அது இல்லை. பென்டியம் 4-ல்தான் வந்தது. அது இருந்தாலும், இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கவே சிலசமயம் இந்தக் கணினியின் மொத்த ராமும் போதாது. டில்லோ போன்ற எளிய உலாவியில் எழுத்தை மட்டும் படிக்கலாம். வீடியோ பார்க்க, வங்கிக் கணக்கைத் திறக்க இந்தக் கணினியை நம்பிக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினார். 'பீப்' வந்தது. ஒரு நிமிடத்துக்குள் வெள்ளைப் பக்கம் திறந்தது. அவர் கையை வைக்காமல் காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பெரியப்பா?" என்றேன்.

"முன்னெல்லாம் கரகரன்னு ஒரு சத்தம் வரும். இப்ப ஒண்ணுமே கேக்கலையே. ஓடுதா?"

கார்டில் சுழல்வதற்கு எதுவும் இல்லை, அதனால் சத்தம் இருக்காது என்று சொல்லி, பக்கத்தின் தொடக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருந்த சின்னக் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விசைப்பலகையை இரண்டு விரல் அளவு தன் பக்கம் இழுத்து, எழுதத் தொடங்கினார்.