பம்பரில் அடித்த பெயின்ட் ஏன் உரிகிறது? கடலூர், புதுச்சேரி வண்டிகளுக்கு ஒரு விளக்கம்

[திரையில்: கார் பம்பரின் ஓரம், மிக அருகில். நகத்தால் கீறியதும் கருப்பு பெயின்ட் ஏடு ஏடாக எழும்புகிறது.]

பார்த்தீர்களா? கத்தி வேண்டாம், கெமிக்கல் வேண்டாம், நகமே போதும். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருக்கிறது. அப்படியென்றால் பெயின்ட் கெட்டுப்போகவில்லை. அது பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை, இத்தனை நாளும் சும்மா மேலே படுத்திருந்தது.

கடற்காற்று படுகிற ஊர்களில் இது தெருவுக்குத் தெரு பார்க்கிற காட்சி. கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் போங்கள், புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் நடந்து பாருங்கள். கருப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்த வண்டி ஒன்று நிற்கும், பக்கத்திலேயே ஸ்ப்ரே அடித்து உரிந்த வண்டி ஒன்று நிற்கும். "டப்பா சரியில்லை, வேற கம்பெனி வாங்குங்க" என்பார்கள். டப்பாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பிளாஸ்டிக்குக்கும் பெயின்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதுதான் விஷயம். இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமா?

[வீல் ஆர்ச்சில் விரலைத் தேய்க்கிறார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி.]

இந்தக் கருப்புக்குக் காரணம் பிளாஸ்டிக்கோடு கலந்திருக்கும் கார்பன் பிளாக். அது வெயிலைத் தாங்கவும் உதவுகிறது. ஆனாலும் வருஷக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டால் மேல்தோல் மட்டும் சிதைந்து பொடியும். உள்ளே கலந்திருந்த டால்க் வெளியே தெரியும். நீங்கள் பார்க்கிற சாம்பல் நிறம் அதுதான். சூடான காற்று ஊதுகிற ஹீட் கன் காட்டினால் கருப்பு திரும்பும், ஆனால் நிற்காது. சொரசொரப்பான பிளாஸ்டிக் வெறுமனே வெளுத்திருக்கிறது, கீறலோ பழைய பெயின்டோ இல்லை என்றால், நன்றாகக் கழுவி, வெளுத்த பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற டிரிம் கோட்டிங் பூச்சைப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். பெயின்ட் என்பது ஒருவழிப் பாதை. அந்தச் சொரசொரப்பு ஒருமுறை அடைந்துவிட்டால் பழையபடி கொண்டுவர முடியாது. ஆழமான கீறல், ஏற்கெனவே யாரோ அடித்து உரிந்த பெயின்ட், புதுசாக வாங்கிய நிறமில்லாத பம்பர், இதற்கெல்லாம் பெயின்ட் சரி.

சரி, அடிப்பது என்று முடிவாகிவிட்டது. பாகத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். ஓரங்களில்தான் உரிதல் தொடங்கும், வண்டியிலேயே வைத்து அடித்தால் அந்த ஓரங்களுக்கு எதுவும் சரியாகப் போய்ச் சேராது. கழற்றியதும் பின்பக்கத்தைப் பாருங்கள்.

[பம்பரின் உள்பக்கம். இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள்.]

பிபி, ஒரு கூட்டல் குறி, இபிடிஎம், ஒரு சிறுகோடு, டி20. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். இபிடிஎம் என்பது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்த ரப்பர். டி20 என்றால் எடையில் நூற்றுக்கு 20 பங்கு டால்க், முகப் பவுடரில் போடுகிற அதே தாதுதான். உங்கள் பாகத்தில் ஏபிஎஸ் என்று இருந்தால், அது வேறு வகைப் பிளாஸ்டிக், பாதிக் கவலை விட்டது. ஏபிஎஸ் பெயின்டை நன்றாகவே பிடிக்கும். பக்கக் கண்ணாடியின் பின்மூடி, கிரில், ஸ்கூட்டர் பேனல் போன்றவற்றில் பெரும்பாலும் அதைப் பார்க்கலாம். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு சோதனை சொல்வார்கள். டால்க் இல்லாத பிபிக்கு அது சரி. 20 பங்கு டால்க் சேர்ந்த பிபி தண்ணீரை விடக் கனமாகி மூழ்கிவிடும். அதனால் எழுத்தைப் படிப்பதுதான் நல்லது.

பிபியில் என்ன தொல்லை?

[சுத்தமான பம்பர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். உருண்டு திரண்டு நிற்கிறது. பக்கத்தில் கதவின் இரும்புத் தகடு, உப்புத்தாள் போட்டுத் துடைத்தது. அதில் சொட்டு பரந்து படர்கிறது.]

தண்ணீர் பரவாத இடத்தில் பெயின்டும் மனசில்லாமல்தான் உட்காரும். பிபி, மெழுகுக்குச் சொந்தக்கார ஜாதி. அதன் மேற்பரப்பில் பெயின்ட் கைகோத்துக்கொள்ள எதுவுமே இல்லை. தொழிற்சாலைகளில் பெயின்டுக்கு முன்னால் பம்பர் மேல் நெருப்புச் சுடரை ஒரு நொடி ஓட்டி எடுக்கும் முறை உண்டு. மேற்பரப்பில் ஆக்ஸிஜன் சேர்ந்து பிடிமானம் வந்துவிடும். நாம் வீட்டில் அதை முயன்றால் பம்பர் நெளிந்துவிடும். நமக்கு இருக்கிற வழி அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பிடிமானம் கொடுக்கிற அடிப்பூச்சு. பெயின்ட் கடையில் பிபி பிரைமர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் இருப்பது குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின், பிபியின் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். கல்யாணத் தரகர் மாதிரி, பிளாஸ்டிக் வீட்டுக்கும் வேண்டியவர், பெயின்ட் வீட்டுக்கும் வேண்டியவர். கூடவே வருகிற சால்வென்ட், அதாவது கரைப்பான், பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கொஞ்சம் ஊற வைத்து அவரை உள்ளே விடுகிறது. சாதாரண சாம்பல் பிரைமர் இந்த வேலையைச் செய்யாது. பெயர் பிரைமர் என்று இருப்பதால் ஏமாந்துவிட வேண்டாம்.

ஆனால் தரகரே வந்தாலும் நடுவில் எண்ணெய் இருந்தால் ஒன்றும் நடக்காது. இனி வருவதுதான் இருப்பதிலேயே சலிப்பான வேலை, முக்கியமான வேலையும் அதுதான்.

[கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, தின்னர் விட்டுத் துடைச்சா போதாதா?"]

போதாது தம்பி. ஏபிஎஸ் மேல் காட்டமான தின்னர் பட்டால் நுண்ணிய வெடிப்பு விடும். பக்கத்தில் ஹெட்லைட் இருந்தால் அந்தக் கண்ணாடி பாலிகார்பனேட், அதுவும் போச்சு. மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. மண்ணெண்ணெய் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

நம் எதிரிகள் இரண்டு பேர். முதல் ஆள் சிலிகான். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், வாட்டர் வாஷில் கடைசியாக அடித்து விடுகிற பளபளப்பு, இவற்றில் பலவற்றில் சிலிகான் எண்ணெய் இருக்கும். அது இருக்கிற இடத்தில் பெயின்ட் சின்னச் சின்ன வட்டக் குழியாக விலகி நிற்கும். இரண்டாவது ஆள் உப்பு, நம்ம ஊர் ஆள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீர் விட்டுக் கரையும். கடலோரத்தில் அதிகாலை ஈரப்பதம் அதற்கு மேல் போவது சகஜம். பெயின்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டால், பெயின்ட் படலம் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். ஆறு மாசத்தில் கொப்புளம்.

[நைலான் பிரஷ், பாத்திரம் கழுவும் லிக்விட், வாளி.]

பாத்திரம் கழுவும் லிக்விடும் நைலான் பிரஷும் எடுத்து, சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் போகிற மாதிரி வட்டமாகத் தேயுங்கள். நுரை அழுக்கில்லாமல் வெள்ளையாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். கஞ்சத்தனம் வேண்டாம். காய்ந்ததும் கிரீஸ் ரிமூவர். இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றை நனைத்துத் துடைக்க வேண்டும், அந்த ஈரம் காய்வதற்குள் மற்றொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்து அப்படியே காய விட்டால் எண்ணெய் கரைந்து, இடம் மாறி, அங்கேயே உட்காரும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் சிலிகானைக் கீறலுக்குள் அழுத்தி வைப்பது போலாகிவிடும். வழவழப்பான பம்பருக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர், ஈரமாக. சொரசொரப்பான பாகத்துக்கு உப்புத்தாளே வேண்டாம், சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் போதும். பிபியை முரட்டுத் தாளால் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக மயிர் எழும்பும். பெயின்ட் அடித்த பிறகு ஒவ்வொரு மயிரும் தெரியும். அப்புறம் மறுபடியும் ஒரு துடைப்பு. விரிசலை அடைக்கிறவர்கள் கவனிக்க: தகட்டுக்குப் போடுகிற சாதாரண பட்டி, பம்பர் வளைந்ததும் வெடித்துவிடும். பிளாஸ்டிக்குக்கென்று வளைகிற பட்டி இருக்கிறது.

எப்போது அடிப்பது? ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். சால்வென்ட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்து, கருப்பு பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். சித்திரை வெயிலில் நேராக வைத்து அடிப்பதும் தப்பு. மேல்தோல் முதலில் இறுகி, அடியில் மாட்டிய சால்வென்ட் குமிழாக வெடிக்கும். என் கணக்கில் நம்ம ஊருக்கு நல்ல காலம் பொங்கல் கழிந்து பங்குனி வரை. பனி ஈரம் காய்ந்து, கடற்காற்று திரும்புவதற்கு முன்னால் இருக்கிற அந்த முற்பகல் நேரம், நிழலில்.

[வீட்டு கார் ஷெட். தரை நனைக்கப்பட்டிருக்கிறது, தூசி எழும்பாமல் இருக்க.]

புரமோட்டர் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். ஒழுகாமல் மெல்லிசாக ஒன்றிரண்டு கோட் போதும், கனமாக அடித்தால் அதுவே ஒரு பலவீனமான அடுக்காகிவிடும். அதன் மேல் பொதுவாக உப்புத்தாள் கிடையாது. அடுத்த கோட்டை டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். டீ குடிக்கப் போய்ப் பேசிக்கொண்டு நின்றுவிடாதீர்கள்.

பெயின்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டப்பாவுக்குள் குண்டு சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். ஒரு சாண் தூரத்திலிருந்து முதல் கோட் தூவல் மாதிரி, பிறகு இரண்டு மூன்று மெல்லிய கோட், நடுவில் பத்து நிமிஷம் இடைவெளி. ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கிற திரவம்) சேர்க்காத சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் பெட்ரோல் சிந்தினால் கரையலாம், டேங்க் பக்கத்துப் பாகங்களுக்கு அது வேண்டாம். ஹார்டனர் சேர்க்கிற டூ-கே பெயின்ட்தான் உண்மையில் நிலைக்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது. வீட்டு ஷெட்டில் வேண்டாம், பெயின்டிங் கடைக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "அண்ணே, இது பிபி பம்பர், பிபி பிரைமர் அடிப்பீங்கல்ல?" அவர் டப்பாவை எடுத்துக் காட்டினால் சரியான கடை. "அதெல்லாம் தேவையில்லைங்க" என்றால் பம்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

[பம்பரின் உள்மூலை. பிளேடால் கீறிய சின்னச் சின்னக் கட்டங்கள், மேலே ஒட்டிய டேப்.]

முழுசாக அடிப்பதற்கு முன்னால், கண்ணில் படாத ஒரு மூலையில் இதே முறையில் கொஞ்சம் அடித்து ஒரு நாள் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் வெளிப்பக்கத்தில் தைரியமாக இறங்கலாம். டேப்போடு கட்டங்கள் வந்தால், துடைப்பதிலோ புரமோட்டரிலோ கோளாறு.

முடிந்த பிறகு ஒரு வாரத்துக்கு ஃபோம் வாஷ் கூடாது. அதன் பிறகு கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்த நாளெல்லாம் நல்ல தண்ணீரில் ஒரு அலசல். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் முனையைப் பெயின்ட் ஓரத்துக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள், ஒரு முழம் தள்ளியே நிற்கட்டும். டயர் பாலிஷ் அடிக்க வந்தால், டயருக்கு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.