நூல் ஓடும் கோணம்

மலையகத்து நேயர்களுக்கு வணக்கம். காபன் நார் சுற்றிய அழுத்தக் கலன்களை, அதாவது வாயுவை அழுத்தி அடைக்கும் உருளைகளை, எப்படி வடிவமைக்கிறார்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டு மூலையில் இதன் சூத்திரம் சுருண்டு கிடக்கிறது.

தண்ணீர் அடிக்கும் ஹோஸ் பைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை நூல் சாய்சதுரம் சாய்சதுரமாக ஓடும். ஏன் சாய்வு? உருளைக்குள் அழுத்தம் ஏறினால், சுற்றுவாக்கில் விழும் இழுவை நீளவாக்கில் விழுவதைப்போல இரண்டு மடங்கு. இற்றுப்போன குழாய் நீளமாகக் கீறிக்கொண்டு வெடிப்பது அதனால்தான். ஒரே நூல் இரண்டையும் தாங்க வேண்டுமானால் அச்சிலிருந்து 54.7 பாகை சாய்த்துச் சுற்ற வேண்டும். குறைந்தால் தண்ணீர் திறந்ததும் குழாய் பருத்து நீளம் குறையும், கூடினால் நீளும்.

ஐதரசன் காரின் கலனில் இருப்பது 700 பார் அழுத்தம். பிதுருதலாகலை 2524 மீற்றர். ஏறக்குறைய அப்படி மூன்று மலை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அடியில் அவ்வளவு அழுத்தம் இருக்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, வாயு கசியாமல் இருக்க. சுமையெல்லாம் பிசினில் தோய்த்த நாருக்கு.

சிக்கல் இரு முனைகளில், குவிந்து வாய்க்குப் போகும் இடத்தில். தோடம்பழத்தில் நூலை இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். தேயிலைக்குள் குறுக்குப்பாதை பிடிக்கும் நம் பிள்ளைகளைப் போல அதுவும் மிகக் குறுகிய வழியையே தேடும். வேறு பக்கம் வளைத்தால் வழுக்கும். உருளையின் ஆரம் 15 சென்ரிமீற்றர், வாயின் ஆரம் 3 என்றால், வாயைத் தொட்டுத் திரும்பும் நூல் உருளையில் 11.5 பாகையில்தான் கிடக்கும். 54.7 எங்கே, இது எங்கே! ஏறக்குறைய நீளவாக்கில் கிடக்கும் அந்த நூல் சுற்றுவாக்கு இழுவையைத் தாங்காது. ஆகவே உருளைப் பகுதியில் மட்டும் வளையம் வளையமாகத் தனியாக இன்னும் நார் சுற்றுகிறார்கள். வாயோரத்திலோ எல்லா நூலும் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்துத் தடிக்கும். விலையுயர்ந்த நாரும் வடிவமைப்பாளரின் தூக்கமும் போவது அங்கேதான்.

எங்கள் லயத்துக்குப் பஸ் பாதையிலிருந்து நிறையப் படிகள். அப்பா வெற்று காஸ் சிலிண்டரைப் படிப்படியாக உருட்டித்தான் இறக்குவார். இரும்பு நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். காபன் நாரில் அடிபட்டால் மேலே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். பாரம் குறைந்த காபன் நார் சிலிண்டர் இங்கே வந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தோளில் வைத்து இறக்குவீர்களா, உருட்டுவீர்களா?